130 டிகிரியில் ஒரு ஜிமிக்கி

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அவளுக்காக ஒரு ஜோடி ஜிமிக்கி செய்தேன். மயில்கழுத்து நிறம், விளிம்பைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தங்க நிறம். பாலிமர் களிமண்ணில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் யாரோ கூப்பிட, அவள் சட்டென்று திரும்பினாள். முந்தானையில் சிக்கிய இடது ஜிமிக்கி, கம்பி நுழைந்திருந்த துளையருகே ஒடிந்து தரையில் விழுந்தது.

துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒடிந்த முகம் வழவழப்பாக இல்லை. ரஸ்க்கை ஒடித்தது போலப் பொரபொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வெளியே கல் போல இறுகியிருந்த பொருள், உள்ளே ஏன் மாவாகவே இருந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கைவேலையின் வேதியியலைக் கற்றுக்கொண்டேன். அது தெரிந்த பிறகு உறையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறிப்புகளில் ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே புரிந்தது.

மண்ணில் தண்ணீர், இதில் எண்ணெய்

முதலில் உண்மையான களிமண்ணை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் சுடுமண் நகை செய்பவர்கள் கையாளும் மண் அது. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் குவியல். தகடுகளுக்கு இடையே தண்ணீர் இருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் மண் விரல் சொன்னபடி கேட்கிறது. காயும்போது தண்ணீர் வெளியேறுகிறது, தகடுகள் நெருங்குகின்றன, உருவம் சுருங்குகிறது. அவசரமாகக் காய்ந்தால் வெடிப்பு விழுவது இதனால்தான். சூளையில் சூடு 550, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, தகடுகளின் உள்ளமைப்பிலேயே கட்டுண்டிருந்த நீரும் பிரிந்து போய்விடுகிறது. அதற்குப் பிறகு அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மறுபடி சேறாகாது.

பாலிமர் களிமண்ணில் இந்தக் கதையே கிடையாது. அதில் தண்ணீர் இல்லை. குயவர் மிதிக்கும் மண்ணும் இல்லை. அதன் பெரும்பகுதி பி.வி.சி. பொடி, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதனால் ஆனதோ அதே பொருள். அந்தப் பொடியை எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் பிசைந்து, நிறமியும் கொஞ்சம் நிரப்புப் பொடியும் சூட்டில் கெடாமல் காக்கும் மருந்தும் சேர்த்தால் கிடைப்பதுதான் சின்னச் சின்னக் கட்டிகளாக நாம் வாங்குவது. அந்த எண்ணெய்க்கு நெகிழ்வூட்டி என்று பெயர்.

வெளியேற வேண்டிய தண்ணீர் இல்லாததால், இது காற்றில் காய்வதில்லை. பாதி செய்த மணியை மூடிவைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து தொடரலாம். அடுப்பிலிருந்து வெளியே வரும்போது அளவும் அநேகமாக மாறியிருக்காது. மக்காச்சோள மாவும் வெள்ளைப் பசையும் சேர்த்து வீட்டிலேயே கிண்டும் களி வேறு ரகம். அது நீர் வற்றி இறுகுவது, இறுகும்போது சுருங்கவும் செய்யும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தொடங்குபவர்கள்தான் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

இடியாப்பமும் எண்ணெயும்

பி.வி.சி.யின் கதை 1872-க்குப் போகிறது. ஜெர்மானிய வேதியியலர் ஆய்கன் பௌமன், வினைல் குளோரைடு வாயுவை அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் வெயில் பட்டதும் வெள்ளையாக ஏதோ படிந்ததைக் கண்டு பதிவு செய்தார். கடினமான, எளிதில் உடைகிற அந்த வெள்ளைப் பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் பிடிபடவில்லை.

1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். எளிதில் ஆவியாகாத ஒரு கரைப்பானில் பி.வி.சி.யைப் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. ஆறியதும் கையில் வந்தது, அழுத்தினால் அமுங்கி விட்டால் எழும்பும் ஒரு பொருள். குழாய் போல விறைத்துக் கிடக்க வேண்டியது ரப்பர் போல வளைந்தது. ரெக்சின் உறை, மின்கம்பியின் மேலுறை, மழைக்கோட்டு எல்லாம் அந்த வளைவிலிருந்து வந்தவை.

என்ன நடந்தது என்பதை இடியாப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பி.வி.சி.யின் ஒவ்வொரு மூலக்கூறும் மிக நீண்ட ஓர் இழை. இழை நெடுகக் குளோரின் அணுக்கள் பதிந்திருக்கின்றன. அவற்றின் மின்னேற்ற வேறுபாட்டால் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஆறிப்போன இடியாப்பம் போல எல்லாம் ஒரே கட்டி. விரலால் வளைத்தால் ஒடியும். அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறினால் இழை இழையாகப் பிரிந்து வழுக்குகிறது அல்லவா? நெகிழ்வூட்டி செய்வதும் அதுதான். இழைகளுக்கு நடுவே புகுந்து, அவற்றின் பிடியைத் தளர்த்தி, அசைய இடம் கொடுக்கிறது.

இந்தப் பொருள் கைவினைக்கு வந்து சேர்ந்தது ஒரு பொம்மைப் பட்டறையின் வழியாக. ஜெர்மனியில் புகழ்பெற்ற பொம்மை வடிவமைப்பாளர் கேட்டே குரூசே. அவருடைய மகள் சோஃபி ரேபிண்டரை வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடுவார்கள். வீட்டு அடுப்பிலேயே வேகவைக்கக்கூடிய ஒரு பிசைபொருளை உருவாக்கி விற்றுவந்தார் அவர். 1964-ல் அந்த உரிமையை எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் வாங்கி, ஃபிமோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிஃபியின் பெயர் இன்றும் அந்த உறையின்மேல் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே 1960-களில் அமெரிக்காவில், மின்மாற்றிகளின் சூட்டை வெளியே கடத்துவதற்காக உருவாக்கிய ஒரு கலவை அந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. யாரோ அதை உருட்டி, உருவம் பிடித்து, அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். அதுதான் ஸ்கல்ப்பி.

ரவை எப்போது கேசரியாகிறது

என் ஜிமிக்கி ஏன் உடைந்தது என்பதற்கு இப்போது வரலாம்.

உறையைப் பிரித்தவுடன் கையில் இருப்பது நெய் விட்டுப் பிசறிய ரவை மாதிரி. பி.வி.சி. குருணைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நெகிழ்வூட்டி பூசினாற்போல நிற்கிறது. பிடித்தால் உருண்டையாக நிற்கும், உதிர்த்தால் உதிரும். குருணைக்குள் இருக்கும் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால், அறைச் சூட்டில் எண்ணெயால் உள்ளே நுழைய முடியவில்லை.

சூடு ஏற ஏற இழைகள் அசையத் தொடங்குகின்றன. நெகிழ்வூட்டி இல்லாத பி.வி.சி.கூட 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். குழாய் வேலை செய்பவர்கள் பைப்பைச் சூடுகாட்டி வளைப்பது இப்படித்தான். அந்த நேரத்தில் எண்ணெய் குருணைக்குள் இறங்குகிறது. குருணைகள் உப்புகின்றன. இடைவெளி மறைந்து ஒன்றையொன்று அழுத்துகின்றன. இன்னும் சூடு ஏறினால், ஒரு குருணையின் இழை எல்லை தாண்டிப் பக்கத்துக் குருணைக்குள் புகுந்து பின்னிக்கொள்கிறது. ரவை தண்ணீரைக் குடித்து உப்பி, தனித்தனி மணி என்ற அடையாளம் இழந்து, துண்டு போடக்கூடிய கேசரியாவதைப் போல. இறக்கி ஆறவிட்டால், முழுவதும் ஒரே பொருளாகிவிட்ட ஒரு துண்டு கையில் கிடைக்கிறது.

இங்கே எதுவும் காயவில்லை, எதுவும் எரியவில்லை. நடந்தது கலப்பு மட்டுமே. கலப்பு முடிவதற்கு ஒரு குறிப்பிட்ட சூடும் நேரமும் வேண்டும். வகையைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி வரை. கால் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். சூடு குறைந்தால் குருணைகள் உப்பி ஒட்டிக்கொள்வதோடு நின்றுவிடும். இழைகள் எல்லை தாண்டாது. வெளியே தொட்டால் கெட்டியாக இருக்கும், சாயம் பூசலாம், துளை போடலாம். ஆனால் வளைக்கும் விசை வந்தால் பழைய குருணை எல்லைகளின் வழியே பிளந்துகொள்ளும். ரஸ்க் போல நான் பார்த்தது அந்த எல்லைகளைத்தான்.

அடுப்புக்குள் தனியே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது, முள்ளை 130-ல் திருப்பியிருந்தும் உள்ளே 105-ஐத் தாண்டவில்லை. ஓ.டி.ஜி. அடுப்புகளில் சூடு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முள் காட்டுவது ஒன்று, தட்டு உணர்வது இன்னொன்று. இந்தக் கைவேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பேச்சு இதுதான்: இருபது நிறம் வாங்குவதற்கு முன்னால் ஒரு அடுப்புத் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

இட்லிப் பானையில் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திறந்த நீராவி 100 டிகிரியோடு நின்றுவிடும், களிமண் கேட்பது அதற்கு மேல். மைக்ரோவேவும் கூடாது, அதன் சூடு ஒரே சீராகப் பரவாது, ஓரிடம் கருகும்போது இன்னோர் இடம் பச்சையாக இருக்கும்.

சூடு கூடினாலும் ஆபத்துதான். 170, 180 டிகிரியைத் தொட்டால் பி.வி.சி. இழையிலிருந்து குளோரினும் ஹைட்ரஜனும் கழன்று ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரத் தொடங்கும். ஒன்று கழன்றால் அதன் பக்கத்தில் இருப்பது இன்னும் எளிதாகக் கழலும்; ஜிப்பைத் திறப்பது போல இழை நெடுக ஓடும். கழன்ற இடத்தில் உருவாகும் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக நீள நீள, அவை ஒளியை உறிஞ்சத் தொடங்குகின்றன. வெள்ளை முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கடைசியில் கருக்கிறது. ஆகவே வெள்ளை மணி லேசாக மஞ்சளடித்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கனத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு இன்னொரு பாடம். செம்போடு ஒப்பிட்டால் பி.வி.சி. வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ 2,000-ல் ஒரு பங்குதான். அதோடு, கனம் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும் நேரம் நான்கு மடங்காகும். அதனால்தான் அனுபவசாலிகள் நெல்லிக்காய் அளவு மணி செய்யும்போது, உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்து, அதன்மேல் மெல்லிய தோலாகக் களிமண்ணைப் போர்த்துகிறார்கள். மணி சீராக வேகும், எடையும் குறையும், காதும் தாங்கும்.

ஒரு ஜோடித் தோடு

ஜிமிக்கி முதல் நாள் வேலை அல்ல. தட்டையான ஒரு ஜோடித் தோட்டில் தொடங்குங்கள். இலையோ வேப்பம்பூவோ எது பிடிக்கிறதோ அது.

மேசைமேல் பளபளப்பான ஒரு டைல்ஸ் துண்டு, உருட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில், கூரான பிளேடு, ஊசி. இவ்வளவு போதும். சமையலறையிலிருந்து எதை எடுத்தாலும் அது திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. பிளாஸ்டிக் தட்டின்மேல் பச்சைக் களிமண்ணை வைக்காதீர்கள். நெகிழ்வூட்டிக்கு எந்த இழை என்று பேதம் கிடையாது. சில பிளாஸ்டிக்குகளுக்குள்ளும் அது இறங்கி, இரண்டையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடும். கண்ணாடியும் பீங்கானும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

முதலில் பிசைய வேண்டும். கடையில் நாட்கணக்கில் கிடந்த கட்டியில் குருணைகள் அசையாமல் படிந்திருக்கும். ஐந்து நிமிடம் உள்ளங்கைச் சூட்டில் பிசைந்தால் எண்ணெய் சமமாகப் பரவும், ஓரம் வெடிக்காது. மாறாக, கட்டி ரொம்பவும் கொழகொழவென்று இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அதைத் தட்டி இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே ஒரு புத்தகத்தை ஏற்றுங்கள். சில மணி நேரம் கழித்துத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பஜ்ஜி வைத்த காகிதம் போல எண்ணெய்க் கறை தெரியும். இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த நெகிழ்வூட்டி அதுதான். அது கொஞ்சம் குறைந்ததால் களிமண் இறுகியிருக்கும்.

இதே கட்டியை மே மாதத்தில் ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே மறந்துவிட்டால் நேர்மாறாக ஆகும். ஒருமுறை எனக்கு அப்படி மூன்று நிறங்கள் போயின. அந்தப் பெட்டிக்குள் மணிக்கணக்காக நின்ற சூடே குருணைகள் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கப் போதுமானது. அடுப்புக்குப் போகாமலே பாதி வெந்த அந்தக் கட்டி, பிசையப் பிசையப் புட்டு மாவாக உதிர்ந்தது. நிழலில், ஈரமோ குளிரோ தேவையில்லாமல், ஒரு டப்பாவில் வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

பிசைந்ததை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டுங்கள். இரு பக்கமும் ஒரே உயரத்துக்குச் சீட்டுகளை அடுக்கி, பாட்டிலை அவற்றின்மேல் ஓட்டினால் கனம் மாறாது. வடிவம் வெட்டி, ஓரத்தை ஈர விரலால் நீவி, துளை போடுங்கள். துளையில்தான் கவனம் வேண்டும். இழுவிசைக்கு உட்பட்ட ஒரு தகட்டில் வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் விசையின் அடர்த்தி சுற்றியுள்ள இடத்தைப் போல மூன்று மடங்கு வரை ஏறும். துளையின் ஓரம் கிழிந்து கூராக இருந்தால் அதற்கும் மேலே. என் ஜிமிக்கி வேறெங்கும் உடையாமல் சரியாகத் துளையருகே உடைந்தது இதனால்தான். ஊசியை ஒரே பக்கமாகக் குத்தி இழுக்காமல், சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். விளிம்புக்கும் துளைக்கும் நடுவே குறைந்தது மூன்று மில்லிமீட்டர் சதை இருக்கட்டும்.

டைல்ஸோடு அப்படியே அடுப்பில் வையுங்கள். வெந்து வெளியே வரும்போது தோடு இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று பதறி மறுபடி சூட்டைக் கூட்ட வேண்டாம். இழைகள் சூட்டில் வழுக்கிக்கொண்டிருக்கின்றன, ஆறினால் இறுகும். ஆறியதும் 400, 600, 1000 என்று வரிசையாக உப்புத்தாளால், தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். நனைத்தால் பொடி மூச்சுக்குள் போகாது. கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்தால் கூழாங்கல் மினுமினுப்பு வந்துவிடும். நகப்பூச்சை மேலே அடிக்காதீர்கள். தோட்டிலிருக்கும் நெகிழ்வூட்டிக்கும் பூச்சுக்கும் ஒத்துவராமல், சில வாரங்களில் பிசுபிசுக்கத் தொடங்கும். கொக்கிக்கு மலிவான நிக்கல் கம்பி வேண்டாம். வியர்வையில் நிக்கல் கரைந்து தோலில் அரிப்பை உண்டாக்கும். டைட்டானியம் கொக்கி கொஞ்சம் விலை கூடினாலும் காதுக்கு நல்லது.

பூவைச் சுருக்குவது

கை பழகியதும் எல்லாரையும் இழுத்துக்கொள்ளும் வித்தை ஒன்று இருக்கிறது. மஞ்சள் உருளையைச் சுற்றி ஐந்து சிவப்பு உருளைகள், இடைவெளியில் பச்சை ஆப்புகள், வெளியே வெள்ளைப் போர்வை. இப்படி ஒரு தடித்த கட்டையை அடுக்கினால் அதன் வெட்டுமுகத்தில் ஒரு பூ தெரியும். கட்டையை நாலாபுறமும் மெல்ல அமுக்கி, உருட்டி, நீட்டுங்கள். கட்டை மெலிகிறது, உள்ளே பூவும் அதே விகிதத்தில் சிறுக்கிறது. இதழ் கலையாது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள கட்டையை அரை சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மெலியவைத்தால், வெட்டுமுகத்தின் பரப்பு நூறில் ஒன்றாகிறது. கனஅளவு மாறாததால் நீளம் நூறு மடங்காகி ஐந்து மீட்டராகிறது. இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக நறுக்கினால் 2,000 பூக்கள், எல்லாம் ஒரே அச்சு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் இளகியும் சிவப்பு விறைத்தும் இருந்தால், மஞ்சள் முந்திக்கொண்டு வழிந்து பூ சிதைந்துவிடும்.

இது ரோமானியர் காலக் கண்ணாடிக் கலைஞர்களும் பின்னாளில் வெனிஸ் அருகே முரானோ தீவினரும் கண்ணாடியில் செய்தது. இத்தாலியில் இதற்கு ஆயிரம் பூக்கள் என்று பொருள்படும் மில்லஃபியோரி என்று பெயர். இதன் நெருங்கிய உறவு நம் கரையிலும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன் உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி மணியாக்கினார்கள். குழல் மெலியும்போது நடுவிலிருந்த துளையும் அழியாமல் கூடவே மெலிந்தது. ஊசி போடாமலே கோக்கத் தயாரான மணி. கண்ணாடியோ களிமண்ணோ, ஒரே பதத்தில் இளகிய பொருளை இழுத்தால் உள்ளே இருக்கும் உருவம் விகிதம் மாறாமல் சுருங்கும் என்ற ஒரே விதிதான் இரண்டையும் நடத்துகிறது.

கடைசியில் ஒரு பொறுப்பு

நாம் அணிவது பிளாஸ்டிக் என்பதை மறக்கக் கூடாது. முன்பு நெகிழ்வூட்டியாகப் பரவலாக இருந்தவை தாலேட்டுகள். அவற்றில் சில உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை என்று தெரிந்ததும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் அவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் அமெரிக்கா 2008-லும் கடும் வரம்பு விதித்தன. பெயர்பெற்ற களிமண் வகைகள் அதன்பின் வேறு நெகிழ்வூட்டிகளுக்கு மாறின. வாங்கும்போது உறையில் தாலேட் இல்லை என்று இருக்கிறதா பாருங்கள். வேலை முடிந்ததும் கையை எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பச்சையாக இருக்கும்வரை ஒரு துணுக்கும் வீணில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் அடுத்த மணிக்கு உள்கூடு ஆகும். வெந்துபோனது மண்ணோடு மண்ணாகாது. போகியன்று பழையதோடு சேர்த்து அதை நெருப்பில் போட்டுவிடாதீர்கள். அடுப்பில் வரக் கூடாதென்று நாம் பயந்த அதே வாயு தெருவெல்லாம் பரவும், அதோடு டயாக்சின் என்ற நஞ்சும் சேரும். ஆகவே குறைவாகச் செய்யுங்கள், உடையாதபடி செய்யுங்கள். இந்தக் கைவேலையில் நன்றாக வேகவைப்பதே சுற்றுச்சூழலுக்குச் செய்யும் முதல் நன்மை என்று நம்புகிறேன்.

தங்கைக்கு இரண்டாவது ஜோடியைச் செய்தபோது, மீந்த களிமண்ணைத் தீப்பெட்டி அகலத்துக்கு மெல்லிய பட்டையாக உருட்டி, ஜிமிக்கிகளின் பக்கத்திலேயே வைத்தேன். தெர்மாமீட்டர் 130 காட்டியது. அரை மணி நேரம். ஆறியதும் முதலில் பட்டையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்தேன். முனைகள் ஒன்றையொன்று தொட்டன. ஒடியவில்லை, கீறல்கூட விழவில்லை. விட்டதும் மெதுவாக நிமிர்ந்து பழைய நிலைக்கு வந்தது. குருணைகள் குருணைகளாக இல்லை என்று அந்தப் பட்டை சொன்ன பிறகுதான் ஜிமிக்கிக்குக் கொக்கி மாட்டினேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு பட்டை சேர்த்தே வைக்கிறேன். தொடங்குபவர்கள் நீங்களும் வையுங்கள். காதில் தொங்கப்போவதை வளைத்துப் பார்க்க முடியாது, அதன் பக்கத்தில் வெந்ததை வளைத்துப் பார்க்கலாம்.